மைல் கணக்கு இலாகா

கோலாலம்பூரில் ஆற்றோரமாக இருந்த ஹார்க்னஸ் அண்ட் பிம் கம்பெனி, கித்தாத் தோட்டங்களுக்கு ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஆசிட்டும், ரப்பர் ஷீட் போடுகிற உருளை மெஷினும் விற்று வந்தது. 1934-ஆம் வருஷம் அங்கே தோட்டம் தோட்டமாகப் போய் விற்கிறவர்கள் இரண்டு பேர். அவர்கள் விற்றதைச் சரிபார்க்க மாடியில் பதினெட்டுப் பேர். அந்தப் பதினெட்டுப் பேருக்கும் சம்பளம் வர வேண்டுமே என்று இந்த இரண்டு பேரும் வெயிலிலும் மழையிலும் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த இருவரில் ஒருவன் பக்கிரிசாமி. கிள்ளான் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் அவன் பொறுப்பு. கிள்ளானிலேயே ஒரு கடைவீட்டின் பின்பக்க அறையில் மனைவி தனலெட்சுமியோடு குடியிருந்தான். மாதம் நாற்பது வெள்ளி சம்பளம். தனலெட்சுமி தையல் மெஷினில் ரவிக்கை தைத்துக் கொடுத்ததில் இன்னொரு பதினைந்து வெள்ளி வரும். பெரிய வசதி இல்லை, ஆனாலும் யாரிடமும் கை நீட்டாமல் பிழைத்தார்கள். கம்பெனிக்கு இது பொறுக்கவில்லை போலிருக்கிறது, பக்கிரிசாமிக்கு ஒரு மோட்டார் கார் கொடுத்துவிட்டது.

கார் கொடுத்த வைபவத்தைப் பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். ஆபீஸ் வாசலில் மாலை போட்டு நின்றது வண்டி. கறுப்பு நிறம், பழசு. இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம், நான்கு பேர் சண்டை போட்டுக்கொண்டு உட்காரலாம். மானேஜர் பிம் துரை படியில் நின்று இங்கிலீஷில் கால் மணி நேரம் பேசினார். மாடிக் குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கிராணி ராமசுப்பிரமணியன் அதையே தமிழில் முக்கால் மணி நேரம் சொன்னார்.

"இது கம்பெனி வண்டி. சக்கரம் கம்பெனியோடது, ஹார்ன் கம்பெனியோடது, உள்ள இருக்கிற மெத்தையும் கம்பெனியோடது. மேல படியுற தூசி மட்டும்தான் உன்னோடது, தொடச்சு வச்சுக்கணும். பெட்ரோல் எண்ணெய் உன் காசுல அடிச்சுக்கோ. மாசக் கடைசியில, கம்பெனி வேலையா எத்தன மைல் ஓடுனேன்னு எழுதிக் குடு. மைலுக்கு மூணு சென் கம்பெனி தரும். ஒரு சென் பாக்கி வைக்காது. இது துரை வாக்கு!"

எல்லோரும் கை தட்டினார்கள். பக்கிரிசாமியும் தட்டினான். பின்னாளில் அதை நினைத்தாலே அவனுக்கு உள்ளங்கை கூசும்.

முதல் மாதம் காப்பார், மேரு, ஜெராம் என்று ஒரு தோட்டம் விடாமல் சுற்றினான். சைக்கிளில் போனபோது கேட்டுக்குள் விடாத தோட்டத்துக் கிராணிகள், காரில் போனபோது கோப்பி கொடுத்தார்கள். ஆசிட் ஜாடி இரண்டு மடங்கு விற்றது. மாதக் கடைசியில் ஐந்நூற்று இருபது மைல், பதினைந்து வெள்ளி அறுபது சென் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு மாடிக்குப் போனான்.

மாடியில் அவனுக்காகவே ஒரு புது இலாகா பிறந்திருந்தது. 'மைல் கணக்கு இலாகா' என்று பலகை தொங்கியது. இருப்பது ஒரு கார், அதற்கு ஓர் இலாகா! இலாகாவின் தலைவர் அய்யாவு. போன மாதம் வரை கீழே தபால் ஒட்டிக்கொண்டிருந்தவர். ஸ்டாம்பை நக்கிக்கொண்டிருந்த நாக்கு இப்போது சட்டம் பேசியது.

"இது என்னா?" என்றார், தாளை இரண்டு விரலால் தூக்கி.

"மைல் கணக்குண்ணே. ஐநூத்தி இருவது மைலு."

"யாரு சொன்னா?"

"வண்டியில மீட்டர் இருக்கேண்ணே."

"மீட்டர் வண்டியில இருக்கு. வண்டி உன்கிட்ட இருக்கு. அப்ப மீட்டர் யாரு பக்கம் பேசும்?" அய்யாவு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சடக்கு ஓரத்துல சர்க்கார் மைல்கல் நட்டு வச்சிருக்கு பாரு, அது பொய் சொல்லாது. எந்தக் கல்லுலேருந்து எந்தக் கல்லு வரைக்கும் போனேன்னு எழுதணும்."

"தோட்டத்துக்குள்ள கல்லு இல்லையேண்ணே. மேருவுல கேட்டுலேருந்து ஆபீசுக்கே மூணு மைலு போகணும்."

"கல்லு இல்லன்னா மைலும் இல்ல."

"அப்ப நான் எப்படிண்ணே உள்ள போனேன்?"

"அதத்தான் இலாகாவும் கேக்குது," என்றார் அய்யாவு. "அச்சடிச்ச பாரம் இருக்கு, வாங்கி நெரப்பிக் குடு. மூணு பிரதி. அடுத்த தடவ வரும்போது வண்டியையும் கொண்டா, இலாகா பாக்கணும்."

பக்கிரிசாமி படி இறங்கினான். சம்பளத்தில் பதினைந்து வெள்ளி எண்ணெயாகப் புகைந்து போயிருந்தது. அரிசிக்கடைக்காரரிடம் முதல் முறையாகக் கடன் சொன்னான்.

இரண்டாவது மாதம் கல் கல்லாகப் பார்த்து எழுதினான். பதினான்காம் கல் முதல் இருபத்திரண்டாம் கல் வரை, அங்கிருந்து முப்பதாம் கல் வரை. ஒவ்வொரு கல்லுக்கு அருகிலும் வண்டியை நிறுத்தி, இறங்கி, நம்பரைக் குறித்துக்கொண்டு ஏறினான். மலாய்க் கம்பத்துக் கிராமவாசிகள் இவன் கல்லுக்கு நேர்த்திக்கடன் வைத்திருக்கிறான் என்று நினைத்து, பாவம் என்று வழிவிட்டார்கள். வண்டியையும் ஓட்டிக்கொண்டு போய் இலாகாவில் நின்றான். அய்யாவு கீழே வந்து வண்டியை மூன்று முறை வலம் வந்தார். ஹார்னை அமுக்கிப் பார்த்துவிட்டு, "சரி, மேல வா," என்றார்.

மேலே போய் பாரத்தில் பாதியைச் சிவப்புப் பென்சிலால் அடித்தார்.

"என்னண்ணே இது?"

"போனது கம்பெனி வேலை. சரி, ஒத்துக்கறேன். திரும்பி வந்தியே, அது எதுக்கு?"

"வீட்டுக்குண்ணே."

"வீட்ல யாரு இருக்கா? கம்பெனியா இருக்கு? உன் பொண்டாட்டி இருக்கு. பொண்டாட்டியப் பாக்க வர்றதுக்குக் கம்பெனி எண்ணெய் ஊத்தணுமா?"

"திரும்பி வராட்டி மறுநாள் எப்படிண்ணே வேலைக்குப் போறது?"

"போன எடத்துலயே இருந்தா போக வேண்டிய அவசியமே இல்லையேப்பா," என்றார் அய்யாவு. அவருக்கு அது மிகவும் எளிமையான விஷயமாகத் தெரிந்தது. "புது பாரம் வாங்கிக்க. அடுத்த செவ்வாக்கெழம வண்டியோட வா."

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு எண்ணெய் அடிக்கக் காசு இல்லை. அடுத்த மாதம் தோட்டம் சுற்றவும் காசு இல்லை. வேலையை விட்டுவிடலாம் என்றால், கித்தா விலை விழுந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிய காலம் அது. வேலை இல்லாதவனைப் பார்த்தால் கப்பல் டிக்கெட்டோடு வந்து நிற்பார்கள்.

தனலெட்சுமிதான் மெஷினை அடகு வைக்கச் சொன்னாள். சொல்லும்போது அவள் மெஷினைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள்.

"ஏங்க, துரை வாக்குக் குடுத்திருக்காருன்னு சொல்றீங்க. ரெண்டு மாசக் காசு ஒண்ணா வரும்ல? வந்ததும் மீட்டுக்கலாம். தீவாளிக்கு ரெண்டு மாசம் இருக்கு. தீவாளி வேலை மட்டும் கை நழுவிடக் கூடாதுங்க. இருவது ரவிக்கைக்குத் துணி வாங்கி வச்சிருக்கேன்."

கிள்ளான் கடைத்தெருவில் சீனர் அடகுக்கடை. முப்பது வெள்ளி கொடுத்தார் கடை முதலாளி டவுக்கே. ஒரு துண்டுச் சீட்டு, ஒரு முத்திரை, ஐந்து நிமிஷம். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் கெடு. மீட்காவிட்டால் மெஷின் ஏலத்துக்குப் போகும். மெஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

மூன்றாவது மாதம் விவகாரம் பெரிய கிராணி மேசைக்கே போய்விட்டது. ராமசுப்பிரமணியன் சாமானியப்பட்டவர் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் சொந்த வீடு. இருபத்தாறு வருஷ சர்வீஸ். இருபத்தாறு வருஷத்தில் அவர் கையெழுத்துப் போட்டுக் கம்பெனிக் காசு வெளியே போனது நாலைந்து முறைதான் என்று அவரே பெருமையாகச் சொல்வார். அதில் ஒன்று செத்துப்போன ஒருவருக்கு மலர் வளையம் வாங்கியது. அந்தப் பில்லையும் இரண்டு முறை திருப்பி அனுப்பியவர் அவர்.

அவரிடமிருந்து பக்கிரிசாமிக்குக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: 'விளக்கத்துடன் நேரில் வரவும். வண்டியையும் கொண்டுவரவும்.'

ஒரு கடிதம் தோணியைப் பற்றி. கோலசிலாங்கூரில் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு தோட்டம். வண்டியை மிதவைத் தோணியில் ஏற்றித்தான் கடக்க வேண்டும். 'ஆற்றின் மேல் வண்டி நகர்ந்ததாகத் தெரிகிறது. ஆனால் சக்கரம் சுற்றவில்லை. சுற்றாத சக்கரத்துக்கு மைல் கேட்டது ஏன்?' என்று கேட்டிருந்தார். பக்கிரிசாமி ஆற்றுக்கு மைல் கேட்கவே இல்லை. கேட்காததற்கும் விளக்கம் எழுதி, எண்ணெய் அடித்து, கோலாலம்பூர் போய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

இன்னொன்று மாட்டைப் பற்றி. ஜெராம் பக்கம் சேற்றில் சிக்கிய வண்டியை ஒரு மாட்டுவண்டிக்காரர் இரண்டு மைல் இழுத்து வந்து தார்ச்சாலையில் விட்டார். பக்கிரிசாமி புத்தி கெட்டுப் போய் அதைப் பாரத்தில் எழுதிவிட்டான். உண்மையை எழுதினால் கம்பெனி மெச்சும் என்று நினைத்தான், அப்பாவி. 'மேற்படி இரண்டு மைலில் உழைத்தது மாடு. மாடு எண்ணெய் குடிப்பதில்லை. ஆகவே அந்த இரண்டு மைல் தள்ளுபடி. மேலும், மாடு இழுத்தபோது வண்டியின் எண்ணெய் மிச்சமாயிருக்கும். அந்த மிச்சத்தைக் கம்பெனியில் ஒப்படைக்காதது ஏன்?'

"ஒப்படைக்கிறதா! நானே வாங்கி ஊத்துன எண்ணெய்டி அது!" என்று பக்கிரிசாமி வீட்டில் கத்தினான்.

"என்கிட்ட கத்தி என்ன செய்யுறது? அந்த ஆளுகிட்டப் போய்க் கத்துங்க," என்றாள் தனலெட்சுமி. கையில் ஊசியும் நூலும் இருந்தன. மெஷின் இல்லாமல் கையாலேயே ஒரு ரவிக்கையைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றுக்கு நாலு நாள் பிடித்தது. கெடுவுக்குப் பதினைந்து நாள் இருந்தது.

பக்கிரிசாமி போய்க் கத்தத்தான் நினைத்தான். மாடிப்படி ஏறும்போதே குரல் குழைந்துவிட்டது. "ஐயா, மூணு மாசத்துக் கணக்கு ஆயிரத்து ஐநூத்தி அறுவது மைலு. நாப்பத்தாறு வெள்ளி எம்பது சென். வீட்ல தையல் மெஷின் அடகுல இருக்குங்க. நீங்க பாத்து..."

ராமசுப்பிரமணியன் கண்ணாடியைக் கழற்றினார். "பக்கிரிசாமி, எனக்கு உன் மேல எந்தக் கோபமும் கெடையாது. நீ யோக்கியன். அதுதான் கஷ்டம். திருடனா இருந்தா ஒரே நாள்ல கண்டுபிடிச்சுக் கணக்க முடிச்சிருவேன். யோக்கியன்கிட்ட திருட்டக் கண்டுபிடிக்கணும்னா மாசக்கணக்கா ஆகுது பாரு! சரி, இப்ப ஒண்ணு செய்வோம். உன் வண்டி ஒரு கேலனுக்கு எத்தன மைல் ஓடுதுன்னு பரீட்சை வைப்போம். துரையும் வருவாரு."

பரீட்சைக்குக் குறித்த நாளில் பெட்டாலிங் மேட்டின் உச்சியில் எல்லோரும் கூடினார்கள். பிம் துரை தன் பெரிய காரில் சாப்பாட்டுக் கூடையோடு வந்தார். அய்யாவு அளவு போட்ட ஒரு மூங்கில் குச்சியைக் கொண்டு வந்தார். பக்கிரிசாமி தன் காசில் டாங்கியை நிரப்பிக் கொண்டு வந்திருந்தான், உத்தரவு அப்படி. அய்யாவு குச்சியை டாங்கியில் விட்டு எடுத்து எண்ணெய் மட்டத்தைக் குறித்தார். ராமசுப்பிரமணியன் கையெழுத்திட்டார். துரை எதிர்க் கையெழுத்திட்டார். பிறகு மூவரும் அந்தச் சின்ன வண்டியில் நெருக்கியடித்து ஏறினார்கள். பெரிய கிராணியின் வயிற்றுக்கு ஒரு கதவு சாத்தவில்லை.

பக்கிரிசாமி எஞ்சினைக் கிளப்பப் போனான்.

"இரு, இரு! எண்ணெய் மட்டம் கலங்கக் கூடாது. மெதுவா பிரேக்க எடு," என்றார் ராமசுப்பிரமணியன்.

பிரேக்கை எடுத்தான். மேடு அது, உள்ளே நாலு ஆள் பாரம் வேறு. வண்டி தானாக உருண்டது. எஞ்சின் கிளம்பாமலே ஒன்றேகால் மைல் இறக்கத்தில் ஜோராக ஓடி, கீழே ஒரு கோப்பிக் கடை வாசலில் போய் நின்றது. அய்யாவு இறங்கிக் குச்சியை விட்டுப் பார்த்தார். எண்ணெய் ஒரு நூல் குறையவில்லை. "சார்! ஒரு சொட்டு எறங்கல சார்!"

பிம் துரை தொப்பியைக் கழற்றினார். பெரிய கண்டுபிடிப்பு நடக்கிற இடத்தில் நிற்கிறோம் என்கிற அடக்கம் அவர் முகத்தில் தெரிந்தது.

"ஐயா, இது எறக்கம். மேட்டுல ஏத்திப் பாப்போங்க," என்றான் பக்கிரிசாமி. அழாத குறை.

"ஏத்தம் இன்னிக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்லப்பா," என்றார் ராமசுப்பிரமணியன்.

டிரைவர் பின்னாலேயே ஓட்டி வந்த துரையின் காரில் ஏறி மூவரும் சாப்பாட்டுக் கூடையோடு போய்விட்டார்கள். பரீட்சைக்கு ஆன செலவு, சாப்பாடு, துரை கார் எண்ணெய், மூங்கில் குச்சி எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டு வெள்ளி. அன்று மத்தியானமே பாஸாகிவிட்டது. அறிக்கை மறுநாள் சுற்றுக்கு வந்தது: 'கம்பெனி வண்டி எண்ணெய் இல்லாமலும் ஓடக்கூடியது என்று நிரூபணமாகிறது. இதுவரை எண்ணெய் ஊற்றி வந்ததற்கான காரணத்தைப் பொறுப்பாளர் தெரிவிக்கவும்.'

கெடுவுக்கு முதல் நாள் பக்கிரிசாமியைக் கடைசித் தீர்ப்புக்குக் கூப்பிட்டார்கள். எப்படியும் இருபது முப்பது வெள்ளியாவது கிடைக்கும் என்று தனலெட்சுமி தலைக்குக் குளித்துச் சாமிக்கு விளக்கேற்றிவிட்டு அனுப்பினாள். பெரிய கிராணி மேசையில் அவன் காகிதக் கட்டு அரை அடி உயரம் இருந்தது.

"உட்காரு," என்றார் ராமசுப்பிரமணியன். அதுவரை அவர் யாரையும் உட்காரச் சொன்னதில்லை. "உன் கணக்கப் பைசல் பண்ணியாச்சு. கல்லு இல்லாத மைலு, திரும்பி வந்த மைலு, மாடு இழுத்த மைலு, தோட்டத்து மானேஜர் கையெழுத்து கலங்கிப் போன மைலு, எல்லாம் போக, கம்பெனி ஒத்துக்கறது முன்னூத்திப் பன்னெண்டு மைலு. ஒம்பது வெள்ளி முப்பத்தாறு சென்."

"ஐயா..."

"இன்னும் முடியல. நீ கிள்ளான்லேருந்து இந்த ஆபீசுக்குப் பதினோரு தடவ வண்டியக் கொண்டாந்திருக்க. போக வர நானூத்தி அறுவத்திரெண்டு மைலு. எதுக்கு வந்த? ஆசிட் விக்கவா?"

"நீங்கதானேங்க வரச் சொன்னீங்க! வண்டியையும் கொண்டுட்டு வான்னு எழுதியிருந்தீங்களே!"

"உன் காச நீ கேட்டு வந்த. அது உன் சொந்த வேலை. கம்பெனி வண்டிய சொந்த வேலைக்கு ஓட்டுனா மைலுக்கு அஞ்சு சென் தேய்மானம் கட்டணும். இருவத்திமூணு வெள்ளி பத்து சென். ஒம்பது முப்பத்தாறக் கழிச்சா, நீ கம்பெனிக்குப் பதிமூணு வெள்ளி எழுவத்திநாலு சென் தரணும். ஒரே தடவையா கட்ட வேணாம், சம்பளத்துல புடிச்சுக்குவோம். கம்பெனிக்கு மனசாட்சி இருக்கு."

பக்கிரிசாமி மேசையிலிருந்த கட்டைப் பார்த்தான். நாளைக்கு மெஷின் ஏலத்துக்குப் போய்விடும். தனலெட்சுமி வாசலில் நின்றுகொண்டிருப்பாள். இந்த ஆள் மனசாட்சி என்று பேசிக்கொண்டிருக்கிறார்! அவன் மூன்று மாதமாகச் சுமந்துகொண்டு திரிந்த பயம் அந்த நிமிஷம் கழன்று விழுந்தது. அதற்குப் பதிலாக வந்தது கோபம்கூட இல்லை, அருவருப்பு.

"நாளைக்கு வேலைக்கு எண்ணெய் அடிக்க என்கிட்ட ஒரு சென் இல்லைங்க. எப்படி ஓட்டுறது?"

"எண்ணெய்க்குக் காசு பொரட்டுறது பொறுப்பாளரோட பாடு. அதுல கம்பெனி தலையிடாது."

"எப்படிப் பொரட்டுனாலும் தலையிடாதா?"

"தலையிடவே தலையிடாது."

"எழுதிக் குடுக்கிறீங்களாய்யா?"

எழுதிக் கொடு என்று யார் கேட்டாலும் ராமசுப்பிரமணியன் மறுத்ததே கிடையாது. உற்சாகமாக மூன்று பிரதி எழுதினார். முத்திரை குத்தி, ஒன்றை அவனிடம் நீட்டினார்.

டாங்கியில் கிடந்த எண்ணெய் கிள்ளான் வரைக்கும் வந்தது. பக்கிரிசாமி வீட்டுக்குப் போகவில்லை. நேராக அடகுக்கடை வாசலில் வண்டியை நிறுத்தினான்.

"டவுக்கே, நம்ம மெஷினு?"

"நாளைக்கி ஏலம் லா. காசு கொண்டாந்தியா?"

"வண்டி கொண்டாந்திருக்கேன்."

டவுக்கே வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கம்பெனி முத்திரை வைத்த காகிதத்தையும் வாங்கி, பக்கத்துக் கடையில் இங்கிலீஷ் தெரிந்தவரிடம் காட்டிப் படிக்கச் சொன்னார். பொறுப்பாளர் எப்படிப் பணம் திரட்டினாலும் கம்பெனி தலையிடாது என்று தெளிவாக இருந்தது. டவுக்கேக்கு நம்ப முடியவில்லை, இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். பிறகு, "நூத்தி அம்பது தரேன்," என்றார்.

"வேணாம். நாப்பத்தாறு வெள்ளி எம்பது சென் குடுங்க. எனக்கு வர வேண்டியது அவ்வளவுதான்."

"கூட வாங்கிக்க லா! இவ்வளவு பெரிய வண்டி!"

"ஒரு சென் கூட வேணாம், டவுக்கே. நான் அவங்கள மாதிரி ஆளு இல்ல."

முப்பது வெள்ளியும் வட்டியும் கட்டி மெஷினை மீட்டான். ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனான். போகிற வழியில் வண்டியின் அடகுச் சீட்டைக் கம்பெனிக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினான். தனலெட்சுமி மெஷினைப் பார்த்தாள், பின்னால் கார் வருகிறதா என்று தெருவைப் பார்த்தாள், பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள். "வண்டி எங்கங்க?" என்றாள். அவன் சொன்னான். அவள் "அடப் பாவி மனுசா!" என்று தலையில் கை வைத்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது. உடனே நூலைக் கோத்து உட்கார்ந்துவிட்டாள், பத்து நாளில் பதினாறு ரவிக்கை பாக்கி இருந்ததே.

வேலைநீக்க உத்தரவு, சீட்டு போய்ச் சேர்ந்த மறுநாளே வந்தது. அந்தக் கம்பெனியிலிருந்து தாமதமில்லாமல் வந்த ஒரே காகிதம் அதுதான். பிம் துரை போலீசுக்குப் போகத் துடித்தாராம். வக்கீல் பெரிய கிராணி எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, கோர்ட்டில் இதை வாசித்தால் ஊரே சிரிக்கும் என்று சொல்லிவிட்டார். பக்கிரிசாமி போர்ட் சுவெட்டன்ஹாமில் மீன் லோரி ஓட்டப் போனான். அங்கே முதலாளி காலையில் எண்ணெய்க்குக் காசை எண்ணிக் கையில் கொடுப்பார். பாரம் கிடையாது, கல் கிடையாது. மீன் நாறும், அவ்வளவுதான்.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ராமசுப்பிரமணியன் அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கோட்டு, தொப்பி, கையில் காகிதக் கட்டு. ரயிலில் வந்து ஸ்டேஷனிலிருந்து நடந்திருக்கிறார், வேர்த்துக் கொட்டியது. தனலெட்சுமி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நாற்காலி போட்டாள். பக்கிரிசாமி, "வாங்கய்யா, பசியாறிட்டீங்களா?" என்றான். என்ன இருந்தாலும் வீடு தேடி வந்தவர்.

"பசியாற வரலப்பா." அவர் குரல் இறங்கியிருந்தது. "வண்டிய மீக்கணும்னு துரை சொல்லிட்டாரு. மீக்கிற செலவு எந்தத் தலைப்புல வரும்னு நான் சட்டத்தப் பாத்தேன். வண்டி யாரு பொறுப்புல இருக்கோ அவங்க முதல்ல கைக்காசப் போட்டுட்டு, அப்புறம் பாரம் குடுத்து வாங்கிக்கணும். இப்ப வண்டி என் பொறுப்பு. நாப்பத்தாறு எம்பது, வட்டி ஒண்ணு இருவது. நாப்பத்தெட்டு வெள்ளி என் சொந்தக் காசப் போட்டு மீட்டுட்டேன். அதத் திரும்ப வாங்க முந்துன பொறுப்பாளர் அத்தாட்சி வேணும். மூணு பிரதி."

பக்கிரிசாமி அவரைப் பார்த்தான். மூன்று மாதம் அவர் மேசை முன்னால் நின்ற நிலை ஞாபகம் வந்தது. கேட்கலாம், நன்றாகவே கேட்கலாம். ரயிலில் வந்தது யார் வேலை? நடந்து வந்த தூரத்துக்குக் கல் இருந்ததா? இந்த மனுஷனிடம் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்பதுகூடத் தன் மரியாதைக்குக் குறைச்சல் என்று அவனுக்குத் தோன்றியது. பேனாவை வாங்கினான், மூன்று பிரதியிலும் மளமளவென்று கையெழுத்துப் போட்டு நீட்டினான். அரை நிமிஷம் ஆகியிருக்காது.

ராமசுப்பிரமணியன் காகிதத்தை வாங்கவில்லை.

"படிச்சியா?"

"எதுக்குய்யா படிக்கிறது? நீங்க காசு போட்டது நெசந்தானே?"

"தொகை சரியான்னு பாத்தியா? சீட்டு எங்கன்னு கேட்டியா? நான் யாரு, எந்த அதிகாரத்துல வந்தேன், எதுவுமே கேக்காமப் போட்டுட்டியே!" அவர் முகம் வெளிறிவிட்டது. "இப்படிச் சரிபாக்காமப் போட்ட கையெழுத்த எந்த ஆபீஸ்லப்பா ஒத்துக்குவாங்க?"

"நீங்கதானேய்யா ஒத்துக்கணும்? உங்க மேசைக்குத்தானே வரும்?"

"அதனாலதான் சொல்றேன்!"

அவர் காகிதத்தை வாங்கினார். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலில் வைத்து, கோட்டுப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். கை ஒரு கணம் தயங்கியது. அது நாற்பத்தெட்டு வெள்ளி, அவர் சொந்தக் காசு. பக்கிரிசாமிக்கே ஒரு நொடி பாவமாக இருந்தது. பிறகு மூன்று பிரதியிலும் குறுக்கே கோடு போட்டு, 'முறைப்படி இல்லை, தள்ளுபடி' என்று எழுதி, கீழே சுருக்கக் கையெழுத்திட்டுத் தேதியும் போட்டார். எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

தனலெட்சுமி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அந்த ஆளு இப்ப யாரு காச இல்லைன்னு அடிச்சுட்டுப் போறாரு?"

"அவரு காசத்தான்."

"ஐயோ! பைத்தியமா?"

"பெரிய கிராணி," என்றான் பக்கிரிசாமி.

ராமசுப்பிரமணியன் தெருமுனையில் திரும்பினார். வந்தபோது இருந்த வாட்டம் அவர் நடையில் இல்லை. கம்பெனிக்கு நாற்பத்தெட்டு வெள்ளியை மிச்சம் பிடித்துக் கொடுத்தவரின் நடை அது.